ராமநாதபுரம் கடலோர நெல்லுக்குப் பயிர்க் காப்பீடு: பணம் எப்போது வரும், எப்போது வராது

திருவாடானை, ஆர்.எஸ்.மங்கலம், கடலாடிப் பக்கம் நெல் பெரும்பாலும் புழுதியில் விதைத்து, வடகிழக்குப் பருவமழையை நம்பி வளர்வது. மழை தள்ளிப்போனால் முளைப்பு கெடும். அறுப்பு நேரத்தில் காலம் தப்பிப் பெய்தால் கதிர் சாயும். இந்த இரண்டு இழப்புக்கும் 2016 முதல் நடப்பில் இருப்பது பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டம். ஆனால் நெல்லுக்கு இழப்பீடு முதன்மையாக உங்கள் வயலைப் பார்த்து வருவதில்லை, உங்கள் வருவாய் கிராமம் (வருவாய்த் துறை எல்லை வகுத்த கிராமம்) மொத்தத்தையும் பார்த்து வருகிறது. இது தெரியாததால்தான் பலர் ஏமாற்றமடைகிறார்கள்.

கணக்கு இப்படி. கடந்த 7 ஆண்டுகளில் நல்ல மகசூல் கண்ட 5 ஆண்டுகளின் சராசரியை எடுத்து, அதில் அரசு அறிவித்த சதவீதத்தை உத்தரவாத மகசூலாக வைப்பார்கள். பிறகு கிராமத்தில் குறைந்தது 4 இடங்களில், சிறு பரப்பை அறுத்து எடை போடும் பயிர் அறுவடைப் பரிசோதனை நடக்கும். உதாரணத்துக்கு, உத்தரவாத மகசூல் ஏக்கருக்கு 1,000 கிலோ, பரிசோதனையில் கிடைத்தது 600 கிலோ என்றால் குறைவு 40 சதவீதம். காப்பீட்டுத் தொகை (முழு இழப்புக்குக் கிடைக்கக்கூடிய உச்சத் தொகை) 30,000 ரூபாய் என்றால் 12,000 கிடைக்கும். உங்கள் வயல் முழுதும் கருகி, ஊர் மொத்தத்தில் விளைந்திருந்தால் இந்த வழியில் எதுவும் வராது. பரிசோதனை நடக்கும் நாளில் ஊர்க்காரர்கள் களத்தில் நின்று எடையைப் பார்ப்பது மிக அவசியம். எண் பதிவான பிறகு வாதாடுவது கடினம். இன்னொன்று: 2016 போல மழை பொய்த்த ஆண்டுகள் அடுத்தடுத்து வந்தால், இரண்டைக் கழித்த பிறகும் சராசரி இறங்கும், பாதுகாப்பும் சுருங்கும். பருவநிலை மாறும் கடலோரத்துக்கு இந்தச் சூத்திரம் போதாது என்பதே எங்கள் கருத்து.

சம்பா நெல்லுக்கு விவசாயி கட்டும் பிரீமியம் காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம், மேலே சொன்ன 30,000 ரூபாய்க்கு 450 ரூபாய். முண்டு மிளகாய்க்கு 5 சதவீதம். மீதிப் பிரீமியம் ஒன்றிய, மாநில அரசுகளுடையது.

மகசூல் கணக்குக்கு வெளியே சில வழிகள் உண்டு. அவற்றில் எவை பொருந்தும் என்பதை அந்தந்தப் பருவத்தின் அரசு அறிவிக்கையில் பார்க்க வேண்டும். மழையில்லாமல் கிராமப் பரப்பில் 75 சதவீதத்துக்கு மேல் விதைக்க முடியாமலோ முளைக்காமலோ போனால் காப்பீட்டுத் தொகையில் 25 சதவீதம் தந்து பாலிசியை முடித்துவிடுவார்கள். புழுதி விதைப்புக்கு இது முக்கியம். அறுத்து வயலிலேயே காயப்போட்ட கதிர் புயலிலோ பருவம் தவறிய மழையிலோ கெட்டால், அறுத்த 14 நாளுக்குள் தனி வயலுக்கே இழப்பீடு உண்டு. அறுவடை இயந்திரத்தில் அறுத்து, ரோட்டில் காயும் நெல்மணிக்கு இது பொருந்தாது. வயலில் வெள்ளம் தேங்கும் இழப்பு 2018இல் நெல்லுக்கு நீக்கப்பட்டது. 2026 காரீஃப் (ஜூன் வாக்கில் தொடங்கும் பயிர்ப் பருவம்) முதல் மறுபடி சேர்ப்பதாக 2025 நவம்பரில் ஒன்றிய அரசு அறிவித்தது. தனி வயல் இழப்பு எதுவானாலும் 72 மணி நேரத்துக்குள் 14447 எண்ணிலோ பயிர்க் காப்பீட்டுச் செயலியிலோ புகார் பதிய வேண்டும். வி.ஏ.ஓ.விடம் வாயால் சொன்னது கணக்கில் வராது. புகார் எண்ணைக் குறித்துக்கொண்டு, தண்ணீர் வடியும் முன்பே படம் எடுத்துவிடுங்கள்.

பதிவுக்கு ஆதார், வங்கிப் புத்தகம், சிட்டா (நில உரிமைப் பதிவு), நடப்புப் பசலி (வருவாய் ஆண்டு) அடங்கல் (எந்த நிலத்தில் என்ன பயிர் என்ற பதிவு) அல்லது விதைப்புச் சான்று வேண்டும். பொது சேவை மையத்திலோ கூட்டுறவுச் சங்கத்திலோ பதியலாம். சம்பாவுக்குக் கடைசி நாள் வழக்கமாக நவம்பர் நடுவில் வரும். நீட்டிப்பை நம்பிக் காத்திருக்க வேண்டாம். பயிர்க்கடன் வாங்கியவர்களுக்கு 2020 முதல் கட்டாயமில்லை. வேண்டாமென்றால் கடைசி நாளுக்கு 7 நாள் முன்பே வங்கியில் எழுதித் தர வேண்டும். தராவிட்டால் வங்கியே பிரீமியத்தைப் பிடித்துவிடும். அதே நிலத்துக்கு வெளியிலும் பதிந்தால் இரட்டைப் பதிவாகிச் சிக்கும்.

ரசீதைக் கையில் வாங்கியதும் அங்கேயே நின்று வருவாய் கிராமம், புல எண், உட்பிரிவு, பரப்பு, பயிர் ஆகியவற்றை அடங்கலோடு ஒப்பிடுங்கள். ஒரே ஊர்ப் பெயரில் வேறு கிராமம் விழுந்திருந்தால் உங்கள் இழப்பீடு அந்தக் கிராமத்து மகசூலை வைத்தே கணக்கிடப்படும். வங்கிக் கணக்கு ஆதாரோடு இணைந்திருக்கிறதா என்பதையும் அப்போதே வங்கியில் கேட்டுவிடுங்கள். பணம் ஒதுக்கியும் கணக்கில் ஏறாமல் திரும்புவது பெரும்பாலும் இதனால்தான்.