சிவப்பு முத்திரை விழுந்த கட்டுரை

ஊட்டியில் பி.ஃபார்ம் படிக்கும் என் அக்கா மகள் புராஜெக்ட் வேலையோடு போன வாரம் குன்னூருக்கு வந்திருந்தாள். லேப்டாப்பைத் திருப்பிக் காட்டி, "மாமா, இந்த பிடிஎஃப் ஒழுங்கா டவுன்லோடு ஆகல போல. எல்லாப் பக்கத்துலயும் குறுக்கால சிவப்பா 'ரிட்ராக்டட்'னு விழுந்திருக்கு" என்றாள்.

கோளாறு டவுன்லோடில் இல்லை. வெளியிட்ட ஆய்விதழே அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றுவிட்டது. ஆனால் அழித்துவிடுவதில்லை. ஏற்கெனவே மேற்கோள் காட்டியவர்கள் தேடி வந்தால் தெரிய வேண்டுமே! முத்திரை குத்தி, காரணம் சொல்லும் அறிவிப்பையும் சேர்த்து, இருந்த இடத்திலேயே விட்டுவைப்பார்கள்.

அறிவிப்பைப் படித்தோம். முடிவு தவறு என்று அதில் எங்கும் இல்லை. மதிப்பீடு நடந்த விதத்தில் நம்பிக்கை இல்லை, அதனால் கட்டுரைக்குப் பொறுப்பேற்க முடியாது என்கிற மாதிரி இருந்தது.

"அப்ப ரிசல்ட் சரியா, தப்பா?"

யாராலும் சொல்ல முடியாது. சிக்கலே அதுதான்.

கட்டுரை வந்ததும் இதழாசிரியர் அதே துறையில் இரண்டு மூன்று பேருக்கு அனுப்பிக் கருத்துக் கேட்பார். மதிப்பீடு என்பது அதுதான். யாருக்கு அனுப்பலாம் என்று எழுதியவரே பெயர் கொடுக்கப் பல இதழ்கள் அனுமதித்தன. ஓட்டை அங்கேதான். பெயர் நிஜமான பேராசிரியருடையது, மின்னஞ்சல் முகவரி மட்டும் போலி; கருத்துக் கேட்டுப் போகும் கடிதம் எழுதியவர் கைக்கே திரும்பி வரும். தன் விடைத்தாளைத் தானே திருத்திக்கொள்வது போல. இப்படிச் சிக்கிய 107 கட்டுரைகளை 'டியூமர் பயாலஜி' இதழிலிருந்து 2017-ல் ஒரே வீச்சில் திரும்பப் பெற்றார்கள். அடுத்து, காசு வாங்கிக்கொண்டு கட்டுரை தயாரித்து, ஆசிரியர் பட்டியலில் இடம் விற்கும் 'பேப்பர் மில்'கள். வெளியாட்களை விருந்தினர் இதழாசிரியர்களாக வைத்து நடத்தும் சிறப்பிதழ்கள் வழியாக அவை உள்ளே புகுந்தன. ஹிந்தாவி பதிப்பகத்தின் இதழ்களில் 2023-ல் மட்டும் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன.

இதே குன்னூரில், பாஸ்டர் நிறுவனத்தின் ஓர் அறையில், 1918-ல் பெரிபெரி என்ற வைட்டமின் குறைபாட்டு நோய் பற்றிய ஆய்வு தொடங்கியது. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்துக்கு விதை அதுதான். அதைத் தொடங்கிய மருத்துவர் ராபர்ட் மெக்கரிசன் எலிகளுக்கு விதவிதமான இந்தியச் சாப்பாடு போட்டு வளர்த்துப் பார்த்தார். அவர் முடிவுகளோடு சண்டை போடலாம். ஆனால் எலி இருந்தது. பேப்பர் மில் கட்டுரையில் எலியே இருக்காது.

எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? எங்கள் ஊரில் தேயிலைத் தூளில் சாயம் கலந்திருக்கிறதா என்று பார்க்க, வடிதாளில் தூளைத் தூவித் தண்ணீர் தெளிப்பார்கள். சாயத் தூள் உடனே நிறம் விடும். திருட்டுக் கட்டுரையும் அப்படித்தான் நிறம் விடுகிறது. சுட்ட வரிகள் பிடிபடாமலிருக்க, சொற்களை மாற்றும் மென்பொருளில் போட்டு எடுக்கிறார்கள். அதில் 'பிரெஸ்ட் கேன்சர்' 'பூஸம் பெரில்' ஆகிவிடுகிறது, அதாவது 'மார்பகப் பேராபத்து'! எந்த மருத்துவராவது அப்படி எழுதுவாரா? பிரெஞ்சுக் கணினி அறிவியலாளர் கியோம் கபனாக்கும் கூட்டாளிகளும் 2021-லிருந்து இத்தகைய விசித்திரச் சொற்களைச் சேகரித்து, அவற்றை வைத்தே கட்டுரைகளைச் சலிக்கிறார்கள்.

கலந்த தூளை மூட்டையிலிருந்து பிரித்தெடுக்க முடியாது. ஆய்வில் சில நேரம் முடியும். ஜெர்மன் மயக்க மருந்து நிபுணர் யோவாக்கிம் போல்ட்டின் கட்டுரைகள் நூற்றுக்கும் மேல் முறைகேட்டுக்காகத் திரும்பப் பெறப்பட்டவை. ஹைட்ராக்சிஎதில் ஸ்டார்ச் என்ற, நரம்பில் ஏற்றும் திரவம் பற்றிய 38 சோதனைகளை 2013-ல் 'ஜாமா' என்ற அமெரிக்க மருத்துவ இதழில் ஒரு குழு சேர்த்து அலசியது. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தபோது, அதனால் உயிரிழப்பு கூடுகிறது என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. போல்ட்டின் ஏழு சோதனைகளை நீக்கினார்கள். உயிரிழப்பு கூடுவது தெளிவாகத் தெரிந்தது. அவ்வளவு காலம் அந்த ஏழும் கூட்டலில் உட்கார்ந்திருந்தன.

வர்க்கியை டீயில் நனைத்துக்கொண்டே அவள் தன் மேற்கோள் பட்டியலை ஸோட்டெரோ மென்பொருளில் ஏற்றினாள். திரும்பப் பெற்ற கட்டுரை இருந்தால் அது தானாகவே எச்சரிக்கும். நமக்குத் தெரிந்த ஒன்றோடு இன்னொன்றும் சிவப்பில் வந்தது.

"இது போச்சுன்னா என் மூணாவது சாப்டர்ல பாதி போச்சு மாமா" என்றபடி, மீதிக் கட்டுரைகளை ஒவ்வொன்றாகத் திறக்க ஆரம்பித்தாள்.