சதவீதம் மதிப்பெண் அல்ல: ‘வசாபி’ படத்தை முன்வைத்து

கல்லூரித் திரைப்பட மன்றங்களுக்குப் படம் தேர்ந்தெடுத்துக் கொடுப்பதும் திரையிடலுக்குப் பின் கலந்துரையாடலை நடத்துவதும் என் தொழில். அண்மையில் ஒரு கல்லூரிக்கு ‘வசாபி’ என்ற பிரெஞ்சு அதிரடி நகைச்சுவைப் படத்தைப் பரிந்துரைத்தேன். பொறுப்பாசிரியர் கைபேசியை எடுத்து எதையோ தேடினார். “மேடம், இது தேறாத படம் ஆயிற்றே. மார்க் ரொம்பக் குறைவு” என்று திரையை என் பக்கம் திருப்பினார். அவர் காட்டியது, பட விமர்சனங்களைத் திரட்டித் தரும் ராட்டன் டொமேட்டோஸ் (‘அழுகிய தக்காளிகள்’) என்ற இணையதளத்தின் சதவீதம். இதே உரையாடல் எனக்கு எத்தனையாவது முறையோ தெரியாது. பொறுமை தீர்ந்துவிட்டதால் எழுதுகிறேன்.

அந்தச் சதவீதம் மார்க் இல்லை. படத்தின் தரத்தை நூற்றுக்கு இத்தனை என்று யாரும் அங்கே திருத்திப் போடுவதில்லை. விமர்சனம் எழுதியவர்களில் எத்தனை பேர் ‘பார்க்கலாம்’ என்ற பக்கம் நின்றார்கள் என்பதுதான் அந்த எண். பள்ளிகள் வாசலில் ‘நூறு சதவீதத் தேர்ச்சி’ என்று பேனர் கட்டுகின்றன. அதைப் பார்த்து அங்கே படித்த அத்தனை பிள்ளைகளும் நூற்றுக்கு நூறு வாங்கினார்கள் என்று யாராவது நினைக்கிறோமா? முப்பத்தைந்தில் தப்பித்தவனும் அந்தக் கணக்கில்தான் இருக்கிறான். இதுவும் அப்படித்தான். பத்து விமர்சகர்கள் ஒரு படத்தைப் பார்த்து, பத்துப் பேருமே ‘சுமார், ஒருமுறை பார்க்கலாம்’ என்று பத்துக்கு ஆறு கொடுத்தால் அந்தப் படம் நூறு சதவீதம் வாங்கிவிடும். இன்னொரு படத்தை ஐந்து பேர் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடி, மற்ற ஐந்து பேர் பிடிக்கவில்லை என்று எழுதினால் அதற்கு ஐம்பதுதான். அறுபதுக்குக் கீழே போனதால், தேறாத படம் என்பதற்கான அழுகிய தக்காளி முத்திரையும் விழும். இந்த இரண்டில் எது உங்கள் மாணவர்களை இரண்டு மணி நேரம் பேசவைக்கும்? எனக்குச் சந்தேகமே இல்லை, இரண்டாவதுதான். ஒரு படத்தைப் பற்றிக் கருத்து பிளவுபட்டிருக்கிறது என்றால், அங்கே பேசுவதற்கு விஷயம் இருக்கிறது என்று பொருள்.

அந்தத் தளத்தை 1998இல் தொடங்கியவர் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர் ஒருவர். ஜாக்கி சானின் தீவிர ரசிகர். அவருடைய ஹாங்காங் படங்கள் அமெரிக்காவில் வெளியானபோது வந்த விமர்சனங்களைத் திரட்டிவைக்கும் பழக்கத்திலிருந்துதான் அது பிறந்தது. வேற்று நாட்டுச் சண்டைப் படங்களைப் பற்றிப் பலர் என்ன சொன்னார்கள் என்று படித்துப் பார்ப்பதற்காக உருவான இடத்தில், நாம் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு எழுத்தைத் திறக்காமலே திரும்பி வருகிறோம்.

சரி, ‘வசாபி’க்கு வருவோம். 2001இல் பிரான்சில் வெளியானது. எழுதித் தயாரித்தவர் லுக் பெசோன், இயக்கியவர் ஜெரார் க்ராவ்சிக். அடிதடிக்குப் பேர்போன பாரிஸ் போலீஸ் அதிகாரி ஊபேராக ழான் ரெனோ நடித்திருக்கிறார். பல்லாண்டுகளுக்கு முன் தன்னைவிட்டுப் போன ஜப்பானியக் காதலி இறந்துவிட்ட செய்தி வர, டோக்கியோ போகிறார். அங்கே தனக்கு யூமி என்றொரு மகள் இருப்பது தெரிகிறது. அவள் பெயரில் வங்கியில் பெரும் பணம், அதைத் துரத்தும் யாகுசா எனப்படும் ஜப்பானியக் குற்றக் கும்பல். யூமிக்கு இருபது வயது நிறைய இரண்டே நாள் இருக்கிறது, அதுவரை ஊபேர்தான் அவளுக்குப் பாதுகாவலர் என்பதுதான் கதையின் முடிச்சு. ஜப்பானில் அப்போது சட்டப்படி வயதுவந்தவராவது இருபதில். 2022 ஏப்ரலில்தான் அதைப் பதினெட்டாகக் குறைத்தார்கள். இதைச் சொல்லாமல் படத்தைப் போட்டால் ‘பத்தொன்பது வயதுப் பெண்ணுக்கு எதற்குப் பாதுகாவலர்?’ என்று முதல் வரிசையிலிருந்தே கேள்வி வரும்.

விமர்சகர்கள் குறைப்பட்ட இடங்கள் தெளிவானவை. டோக்கியோ என்றால் நியான் விளக்கு, வீடியோ விளையாட்டுக் கூடம், கண்ணைப் பறிக்கும் உடைகள் என்று சுற்றுலாப் பயணியின் பார்வை. யாகுசாக்கள் கறுப்பு கோட்டு போட்டு வந்து விழுந்து போகிறார்கள், அவர்களில் மனிதராக மனதில் நிற்பவர் குறைவு. யூமி ஓயாமல் துள்ளுகிறாள், கத்துகிறாள். கதை மெலிது. இவற்றை ‘விமர்சகர்களுக்குச் சிரிக்கத் தெரியாது’ என்று ஒதுக்குபவர்களிடமும் எனக்குக் கோபம் உண்டு. ஒரு நாட்டை அலங்காரத் திரையாக மட்டும் பயன்படுத்துவது உண்மையான குறை, அதைக் கட்டாயம் பேசவேண்டும். ரசிகர் மதிப்பீட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அந்தப் பேச்சை அடைக்காதீர்கள்.

ரசிகர்களுக்குப் பிடித்தது வேறு. உணவகக் காட்சியைப் பாருங்கள். வசாபி என்பது மூக்கில் ஏறும் காரமுள்ள ஜப்பானியப் பச்சை விழுது. அதை ஊபேர் சட்னி போல அள்ளி வாயில் போடுகிறார், முகத்தில் ஒரு நரம்பும் அசையவில்லை. அதைப் பார்த்து எதிரே இருக்கும் பழைய சகா மோமோவும் சாப்பிட்டுவிட்டுத் துடித்துப்போகிறார். ஜப்பானைப் பற்றி அந்தக் காட்சி எதையும் சொல்லவில்லை. கல்லாகிப்போன ஒரு மனிதனைப் பற்றிச் சொல்கிறது. அதே கல் முகம், கடையில் மகள் உடை மாற்றி மாற்றிப் பார்க்கும்போது, அவளுக்குத் தெரியாமல் பின்னால் வரும் ஆட்களைச் சாய்த்துவிட்டு ஒன்றும் நடக்காததுபோல் நிற்கிறது. படம் உயிரோடிருப்பது இந்த இடங்களில்தான் என்பது என் கணிப்பு.

அடுத்து, யார் எங்கிருந்து பார்த்தார்கள் என்ற கேள்வி. இதைத்தான் அந்த எண் முழுதாக மறைத்துவிடுகிறது. அமெரிக்காவில் படம் 2002இல்தான் வந்தது. அங்கே ரெனோ என்றால் 1994இல் வந்த ‘லியோன்’ படத்தின் கொலையாளி. மறுபடியும் பெசோன், மறுபடியும் ஒரு இளம்பெண், மறுபடியும் துப்பாக்கி என்றதும் அந்த ஒப்பீடு தானாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. பிரெஞ்சு ரசிகருக்கோ அவர் 1993இல் ஒரு கோடியே முப்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் பார்த்த ‘லே விசித்தர்’ நகைச்சுவையின் நாயகன். (பிரான்சில் படத்தின் வெற்றியை வசூலைவிட டிக்கெட் எண்ணிக்கையில்தான் பேசுவார்கள். நமக்கும் அந்தப் பழக்கம் வந்தால் எவ்வளவோ வீண் சண்டை குறையும்.) அந்தப் படத்தையே, அதே நாயகர்கள் இருவரையும் வைத்து, அதே இயக்குநர் 2001இல் அமெரிக்காவுக்காக ஆங்கிலத்தில் எடுத்தார். அங்கே ஓடவில்லை. சிரிப்பு எல்லை தாண்டும்போது என்ன ஆகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? க்ராவ்சிக் 2000இல் இயக்கிய ‘டாக்ஸி 2’விலும் யாகுசா உண்டு. அதைப் பார்த்த ஒரு கோடிப் பேருக்கு இந்தப் படத்தின் சுருதி முதல் காட்சியிலேயே பிடிபட்டிருக்கும்.

ஜப்பானில் கதை இன்னும் வேறு. யூமியாக நடித்த ரியோகோ ஹிரோசுவே அங்கே தொண்ணூறுகளின் பெரிய இளம் நட்சத்திரம், பாடகியும்கூட. பின்னாளில் அயல்மொழிப் பட ஆஸ்கர் வென்ற ‘டிபார்ச்சர்ஸ்’ படத்தின் நாயகி. நமக்குப் புதுமுகம், அவர்களுக்கு வீட்டுப் பிள்ளை. ரெனோவும் அவர்களுக்கு அந்நியர் அல்லர். 2011இல் டொயோட்டா விளம்பரத்தில் அவர்களுடைய செல்லக் கார்ட்டூன் பூனை டோரேமானாகவே அவர் வந்தார் என்றால் அவர்மீது அவர்களுக்கு இருந்த பிரியத்தை நீங்களே புரிந்துகொள்ளலாம்.

ஆகவே, பொறுப்பாசிரியர்களே, மன்றச் செயலாளர்களே: எண்ணைப் பார்த்துப் படத்தை நீக்காதீர்கள். பார்த்தே தீருவேன் என்றால், எத்தனை விமர்சனங்களிலிருந்து அந்த எண் வந்தது என்பதையும் பாருங்கள். பழைய அயல்மொழிப் படங்களுக்கு அது சிறிய கூட்டமாகத்தான் இருக்கும், அதிலும் ஆங்கிலத்தில் எழுதியவர்களே பெரும்பான்மை. பாராட்டிய விமர்சனம் ஒன்று, திட்டிய விமர்சனம் ஒன்று, இரண்டையும் முழுதாகப் படியுங்கள். படத்தின் சொந்த நாட்டில் எழுதியது கிடைத்தால் இன்னும் நல்லது. பிரான்சின் ஆலோசினே என்ற சினிமா இணையதளத்தில் பத்திரிகைகளின் நட்சத்திரமும் பார்வையாளரின் நட்சத்திரமும் தனித்தனியே இருக்கும், இரண்டையும் கலக்காதீர்கள். பார்க்காத படத்தின் மதிப்பெண்ணை வாட்ஸ்ஆப் குழுவில் அனுப்புவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். பிள்ளைகள் ஆர்வத்தோடு கேட்டு வந்த படங்கள் அந்த ஒரு வரிச் செய்தியால் செத்துப்போவதைப் பார்க்க எனக்கு மனம் பொறுக்கவில்லை.

ஆங்கில டப்பிங்கை நம்பிப் படத்தை மதிப்பிடுவதும் கூடாது. டோக்கியோவில் பிரெஞ்சு பேசும் அப்பனும் மகளும், சுற்றிலும் ஜப்பானிய மொழி என்ற அமைப்பில்தான் இந்தப் படத்தின் பாதி நகைச்சுவை இருக்கிறது. எல்லோரும் ஒரே ஆங்கிலத்தில் பேசினால் யூமியின் துள்ளல் வெறும் கூச்சலாகத்தான் கேட்கும். திரையிடலுக்கு முந்தின நாளே ஒலித் தடத்தைப் போட்டுப் பாருங்கள். பிரெஞ்சு இல்லையென்றால் வேறு பிரதி தேடுங்கள். சப்டைட்டிலை நடுவில் ஒரு பத்து நிமிடமாவது ஓட்டிச் சரிபாருங்கள், எந்திரம் மொழிபெயர்த்த கோப்பு என்றால் அந்தப் பத்து நிமிடத்திலேயே தெரிந்துவிடும்.