தசைக்குள் ஒரு சாவி தேயும் கதை

‘எடை தூக்கிய மறுநாள் தொடை வலிக்கிறது, ஐபுப்ரோஃபென் வலி மாத்திரை போட்டுக்கொள்ளலாமா?’ என்பது வாசகர் கேள்வி. உங்கள் வயது என்ன என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது.

கடும் உழைப்பில் தசை நைந்தால், செல் சவ்விலிருந்து அராகிடோனிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம் கழன்று வரும். காக்ஸ் (COX) என்ற நொதிகள் அதைப் பிடித்துப் புராஸ்டாகிளாண்டின் இ2 என்ற சேதி மூலக்கூறாக ஆக்கத் தொடங்கும். இது ஹார்மோன் மாதிரிதான், ஆனால் ஊர் சுற்றாது. அக்கம்பக்கத்துச் செல்களோடு பேசிவிட்டு அழியும். வலி, வீக்கம் இரண்டிலும் இதற்குப் பங்குண்டு. நார்களை ஒட்டி உறங்கும் மூலச்செல்களைத் தட்டியெழுப்பிப் பெருக வைப்பதும் இதுவே. வலி மாத்திரை தடுப்பது காக்ஸை. ஆஸ்பிரின் விஷயத்தில் 1971இல் பிரிட்டிஷ் மருந்தியலாளர் ஜான் வேன் காட்டியது இதைத்தான்.

புராஸ்டாகிளாண்டின் இ2 அழிகிற விதம்தான் அழகு. மூலக்கூறில் மொத்தம் 20 கார்பன். 15ஆவதில் ஒரு ஹைட்ராக்சில் (ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஜோடி) தொங்குகிறது. 15-பிஜிடிஎச் என்ற நொதி அந்த இடத்தில் மட்டும் இரண்டு ஹைட்ரஜனைப் பிடுங்கிக் கீட்டோனாக மாற்றுகிறது. மற்ற கார்பன்களைத் தொடுவதே இல்லை. ஆனாலும் செல்லில் இந்தச் சாவிக்குப் பூட்டாக இருக்கும் ஏற்பி இனி இதைச் சரியாகப் பற்றாது. சாவியில் ஒரேயொரு பல்லை அரம் போட்டுத் தேய்த்தால் போதாதா?

ஸ்டான்ஃபோர்டில் ஹெலன் பிளாவின் குழு 2021இல் கண்டது: கிழட்டு எலித் தசையில் இந்த அரம், அதாவது 15-பிஜிடிஎச், கூடிவிடுகிறது. நொதியை ஒரு மாதம் தடுத்ததும் தசை தடித்தது, வலுவும் ஏறியது. இளம் எலியில் நொதியைக் கூட்டினால் தசை வற்றியது. எலியோடு நிற்கும் இச்செய்தியை வைத்து ‘இளமைப் பொடி’ விற்பவரை நம்ப வேண்டாம்.

மனிதரில் கதை சிக்கல். ஸ்வீடனின் கரோலின்ஸ்கா மருத்துவக் கழகத்தில் 18 முதல் 35 வயதினர் 8 வாரம் தினம் 1,200 மில்லிகிராம் ஐபுப்ரோஃபெனோடு பயிற்சி செய்தார்கள். தொடைத் தசை 3.7% வளர்ந்தது, குறைந்த அளவு ஆஸ்பிரின் எடுத்தவர்களுக்கோ 7.5%. ஆனால் 60 கடந்தவர்களை வைத்து நடந்த 12 வார அமெரிக்க ஆய்வில் அதே அளவு மாத்திரை வளர்ச்சியைக் கூட்டியது! முதியவர் தசையில் ஓயாமல் கனலும் அழற்சியை மாத்திரை தணித்திருக்கலாம். அதற்காகத் தினமும் விழுங்கக் கூடாது, வயிறும் சிறுநீரகமும் கெடலாம்.

15-பிஜிடிஎச்சையே முடக்கும் மருந்து வந்தாலோ வேறு கவலை. பெருங்குடலில் புற்றுக்கட்டி வளராமல் காப்பதும் இதே நொதிதான்.