மறு அறிவிப்பு வரும் வரை

“சட்டம் போட்டுத்தானே சார் செய்தார்கள், அப்புறம் எப்படி அது தப்பாகும்?”

இந்தக் கேள்வியைக் கொஞ்ச காலத்தில் நான்காவது முறையாகக் கேட்டேன். முதல் மூன்று பேரும் என் கட்சிக்காரர்கள். (வக்கீல் பாஷையில் கட்சிக்காரர் என்றால் வழக்கை நம்மிடம் ஒப்படைத்தவர், கொடி பிடிப்பவர் இல்லை.) அவர்களை மன்னித்துவிடலாம். நான்காவதாகக் கேட்டவர் அடுத்த வருடம் கறுப்பு அங்கி மாட்டப்போகும் சட்ட மாணவர். அதனால்தான் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

சர்வாதிகாரி என்றதும் நம் மனதில் வருவது, அரசமைப்பைக் கிழித்துப் போட்டுவிட்டு பீரங்கியோடு கோட்டைக்குள் நுழைபவர். அப்படி வந்தவர்களும் உண்டு. ஆனால் கெட்டிக்காரர்கள் அரசமைப்பைத் தொடவே மாட்டார்கள். அதற்குள்ளேயே ஒரு கதவு இருக்கும், அதைத் திறந்துகொண்டு வருவார்கள். ஹிட்லரை 1933 ஜனவரி 30 அன்று பிரதமராக நியமித்தவர், அந்த அதிகாரம் முறைப்படி உள்ள குடியரசுத் தலைவர் ஹிண்டன்பர்க். பிப்ரவரி 27 இரவு நாடாளுமன்றக் கட்டடம் எரிந்தது. மறுநாளே அரசமைப்பின் 48-வது பிரிவின் கீழ் ஓர் ஆணை வந்தது. பேச்சு, பத்திரிகை, கூட்டம், கடிதங்களின் ரகசியம், வீட்டின் பாதுகாப்பு என்று அடிப்படை உரிமைகள் எல்லாம் நிறுத்திவைப்பு. எவ்வளவு நாளைக்கு? ‘மறு அறிவிப்பு வரும் வரை.’ அந்த அறிவிப்பு வரவே இல்லை. ஆட்சி 1945-இல் விழும் வரை ஆணை உயிரோடு இருந்தது.

மார்ச் 23 அன்று, நாடாளுமன்றமே இல்லாமல் அமைச்சரவை சட்டம் இயற்றலாம் என்ற மசோதா வாக்கெடுப்புக்கு வந்தது. மக்களின் துயர் துடைக்கும் சட்டம் என்பதுபோல் அதற்கு ஒரு பெயர். பெயர் இனிக்கிற மசோதாவை நான் இரண்டு முறை படிப்பேன், தொழில் பழக்கம். எரிந்த கட்டடத்துக்குப் பதிலாக ஓர் இசை நாடக அரங்கில் கூட்டம் நடந்தது, உள்ளேயே ஹிட்லர் கட்சியின் சீருடைப் படை நின்றது. 81 கம்யூனிஸ்ட் உறுப்பினர்களில் ஒருவர்கூட வர முடியவில்லை. சிறையில் இருந்தார்கள், அல்லது தலைமறைவாக இருந்தார்கள். ஆதரவு 444, எதிர்ப்பு 94. எனக்கு வயிற்றெரிச்சல் தருவது இதற்கு முன் நடந்த ஒரு சின்னத் திருத்தம்: காரணம் சொல்லாமல் வராத உறுப்பினரையும் வந்ததாகவே கணக்கில் கொள்ளலாம் என்று அவை விதியை மாற்றினார்கள். ஆளைப் பிடித்து உள்ளே போட்டுவிட்டு, அவர் பெயரையும் சேர்த்துக் குறைவெண் (அவை நடக்க வந்திருக்க வேண்டிய குறைந்தபட்ச ஆள் எண்ணிக்கை) கணக்கைச் சரிக்கட்ட வழி! இத்தனைக்கும் பழைய அரசமைப்பை அவர்கள் முறைப்படி ரத்து செய்யவே இல்லை.

இது ஜெர்மனியோடு பிறந்த வித்தை இல்லை. பழைய ரோமில் நெருக்கடி வந்தால் ‘சர்வாதிகாரி’ என்ற பதவியில் ஒருவருக்கே முழு அதிகாரம் கொடுப்பார்கள், அதிகபட்சம் ஆறு மாதம். கி.மு. 82-இல் சுல்லா கெடு இல்லாமல் அதை வாங்கினார். கி.மு. 44-இல் ஜூலியஸ் சீசர் ஆயுள் முழுக்க என்று ஆக்கிக்கொண்டார். பதவியின் பெயர் மாறவில்லை, கெடுதான் காணாமல் போனது.

இந்தியாவில் 1975 ஜூன் 25 இரவு குடியரசுத் தலைவர் நெருக்கடி நிலைக்குக் கையெழுத்திட்டார். அமைச்சரவைக்கே மறுநாள் காலைதான் தெரிந்தது. பிரதமரின் தேர்தலை நீதிமன்றம் தொடக்கூடாது என்ற 39-வது அரசமைப்புத் திருத்தம், ஆகஸ்ட் 7-இல் அறிமுகமாகி 10-ஆம் தேதி ஒப்புதலும் பெற்றுவிட்டது. அந்தத் தேர்தல் வழக்கு உச்ச நீதிமன்றத்தில் விசாரணைக்கு வர இருந்தது 11-ஆம் தேதி. ஒரு சாதாரண வாய்தா வாங்கவே நாங்கள் படும் பாடு வேறு கதை. 1976 ஏப்ரலில், காவலில் வைக்கப்பட்டவர் ஆட்கொணர்வு மனு (பிடித்து வைத்தவரை நீதிமன்றத்தில் நிறுத்தச் சொல்லும் மனு) போட முடியாது என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளில் நால்வர் சொன்னார்கள். மறுத்தவர் எச்.ஆர். கன்னா ஒருவர்தான். மறு வருடம் தலைமை நீதிபதி பதவி அவரைத் தாண்டி இளையவருக்குப் போனது. கன்னா பக்கம்தான் நியாயம் என்று உச்ச நீதிமன்றம் வெளிப்படையாகச் சொல்ல 2017 ஆனது.

நெருக்கடி அதிகாரமே கூடாது என்று நான் சொல்லவில்லை. போர் வரும், கலவரம் வரும். அதற்குத்தான் பூட்டு வேண்டும். 1978-இல் 44-வது திருத்தம் போட்டது அதைத்தான்: ‘உள்நாட்டுக் குழப்பம்’ என்ற கொழகொழச் சொல்லை எடுத்துவிட்டு ‘ஆயுதம் தாங்கிய கிளர்ச்சி’ என்றார்கள், அமைச்சரவை முடிவு எழுத்தில் வர வேண்டும் என்றார்கள்.

தயவுசெய்து, ‘நம்ம ஆள்தானே, தப்பாகப் பயன்படுத்த மாட்டார்’ என்று மட்டும் சொல்லாதீர்கள். ஆள் போய்விடுவார், பிரிவு அங்கேயே இருக்கும். உங்களுக்குப் பிடிக்காதவர் கையில் அதே சட்டம் இருந்தால் எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். கெடு உண்டா என்று பாருங்கள். ‘பொது ஒழுங்கு’, ‘நலன்’ போன்ற சொற்களுக்கு அளவுகோல் யார் கையில் என்று கேளுங்கள். ‘வேறு எந்தச் சட்டத்தில் எது சொல்லப்பட்டிருந்தபோதிலும்’ என்று ஒரு பிரிவு தொடங்கினால் அங்கே நின்று படியுங்கள். பத்திரிகைச் சுருக்கத்தை நம்ப வேண்டாம்.

நேரமில்லை என்றால் மசோதாவைக் கடைசிப் பக்கத்திலிருந்து படியுங்கள். ‘இதை எந்த நீதிமன்றமும் விசாரிக்கலாகாது’, ‘நல்லெண்ணத்தில் செய்த செயலுக்காக அதிகாரி மீது வழக்குத் தொடர முடியாது’, ‘அரசு விதிகள் வகுக்கலாம்’ எல்லாம் பெரும்பாலும் அங்கேதான் உட்கார்ந்திருக்கும்.