புழுவெட்டில் மயிர்க்கால் சாவதில்லை

"ஐந்தாவது படிக்கும் மகளுக்குத் தலையில் பத்து ரூபாய் காசு அளவுக்கு வட்டமாக முடி கொட்டிவிட்டது. பக்கத்தில் உட்கார மற்ற பிள்ளைகள் பயப்படுகிறார்கள். புழுவெட்டு ஒட்டிக்கொள்ளுமா?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

ஒட்டாது. அலோபீஷியா ஏரியேட்டா என்று மருத்துவர்கள் சொல்லும் இந்த நோயில் புழுவும் இல்லை, கிருமியும் இல்லை. நூறு பேரில் சுமார் இரண்டு பேருக்கு வாழ்நாளில் எப்போதாவது வரும். ஆனால் பிள்ளைகளுக்குத் தலையில் படர்தாமரையும் வரும், அது ஒட்டும். அதில் தோல் செதில் செதிலாக உரியும், அரிக்கும். புழுவெட்டில் தோல் வழவழவென்று இருக்கும். எது என்று தோல் மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும்.

சரி, கிருமி இல்லாமல் முடி ஏன் கொட்டுகிறது? நம் உடலின் செல்கள் தமக்குள் தயாராகும் புரதங்களின் துணுக்குகளை வெளிப்பரப்பில் ஏந்திக் காட்டிக்கொண்டே இருக்கின்றன. எதிர்ப்புச் சக்தியின் காவலர்களாக ரோந்து வரும் டி செல்கள் அவற்றைச் சோதித்து, அந்நியமாகத் தெரிவதைத் தாக்கும். முடி வளரும் பருவத்தில் மயிர்க்காலின் அடிக்குமிழ் மட்டும் இப்படிக் காட்டுவதை ஏறக்குறைய நிறுத்திவிடுகிறது. போதாததற்கு, டி செல்களை அமைதிப்படுத்தும் பொருள்களையும் சுரக்கிறது. கண்ணுக்குள்ளும் இப்படியொரு சலுகை உண்டு. ஒரு சாதாரண முடிக்கு உடல் இவ்வளவு பாதுகாப்பு வைத்திருப்பது எனக்கு இன்றுவரை வியப்புதான்.

புழுவெட்டில் இந்தச் சலுகை பறிபோகிறது. டி செல்கள் இன்டர்ஃபெரான் காமா என்ற சமிக்ஞைப் பொருளைச் சுரக்கின்றன. அது பட்டதும், ஒளிந்திருந்த அடிக்குமிழ் தன் துணுக்குகளை வெளியே காட்டத் தொடங்குகிறது. கூடவே இன்டர்லூக்கின் 15 என்ற சமிக்ஞைப் பொருளையும் விடுகிறது. அதைக் கண்டு இன்னும் டி செல்கள் திரள்கின்றன, இன்னும் இன்டர்ஃபெரான் சுரக்கிறது. நுண்ணோக்கியில் பார்த்தால் அடிக்குமிழைத் தேனீக் கூட்டம் மொய்ப்பது போல இருக்கும். வட்டத்தின் ஓரத்தை லென்ஸ் வைத்துப் பாருங்கள்: மேலே தடித்து, தோலை நெருங்க நெருங்க மெலிந்த குட்டை முடிகள் தெரியும். தாக்குதல் தொடங்கிய பிறகு வளர்ந்த பகுதிதான் அந்த மெலிந்த பகுதி.

பெரும்பாலும் நரைமுடி தப்பிவிடுகிறது. கருமை நிறமியைத் தயாரிக்கும் செல்களின் புரதங்களே இலக்கு என்ற கருத்து இதனால்தான் வலுவாக இருக்கிறது. ஒரே ராத்திரியில் தலை நரைத்துவிட்டது என்னும் கதைகளுக்கும் இது பொருத்தமான விளக்கம்: கருமுடி மட்டும் சட்டென்று கொட்ட, நரை மிஞ்சுகிறது. திரும்ப முளைக்கும் முடியும் பல நேரம் முதலில் வெள்ளையாகவே வரும்.

திரும்ப முளைப்பது எப்படி? புது முடியை உருவாக்கும் குருத்தணுக்கள் மயிர்க்காலின் மேற்பகுதியில் இருக்கின்றன, அவற்றை இந்தத் தாக்குதல் அழிப்பதில்லை. ஆண்டுகள் கழித்தும் முளைக்கலாம். சிறிய வட்டமாக இருந்தால் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஒரு வருடத்துக்குள் தானாகவே முளைத்துவிடும். தேவைப்பட்டால் ஸ்டீராய்டு களிம்போ ஊசியோ தருவார்கள். அக்கம்பக்கத்தார் பேச்சைக் கேட்டுப் பிள்ளையின் தலையில் எரியும் சாறுகளைத் தேய்த்துப் புண்ணாக்காதீர்கள். அப்புறம், வகுப்பாசிரியரிடம் பேசுங்கள். ஒட்டாது என்று அவர் ஒரு தடவை சொன்னால் பிள்ளைகள் கேட்பார்கள். தொப்பி போடுவதா வேண்டாமா என்பதை மகளே முடிவு செய்யட்டும்.

இன்டர்ஃபெரான், இன்டர்லூக்கின் 15 இரண்டின் சமிக்ஞையும் செல்லுக்குள் ஜாக் நொதிகள் வழியாகவே போகிறது. அதை அடைத்தால் சுழற்சி அறுகிறது. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஏஞ்சலா கிறிஸ்டியானோ குழு 2014இல் இதைக் காட்டியது. அவருக்கே புழுவெட்டு உண்டு. 2022இல் ஜாக் நொதிகளை அடைக்கும் பாரிசிட்டினிப் மாத்திரைக்கு அமெரிக்காவில், பெரியவர்களின் கடுமையான புழுவெட்டுக்காக, அனுமதி கிடைத்தது. 36 வாரங்களில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமானோருக்குத் தலையில் பெரும்பகுதி முடி வந்தது. நிறுத்தினால் பலருக்கு மறுபடி கொட்டும். தொற்று அபாயமும் உண்டு. நம் ஊரில் மறைந்திருக்கும் காசநோய்க்குச் சோதித்த பிறகே தொடங்க வேண்டும்.

புழுவெட்டை அழகுப் பிரச்சினை என்று ஒதுக்குவது எனக்குக் கோபம் வரவழைக்கிறது. இமைமுடி போனவருக்குத் தூசி நேராகக் கண்ணில் விழுகிறது, புருவம் போனவருக்கு வியர்வை இறங்குகிறது, சிலருக்கு நகமும் குழி விழுகிறது. ருமட்டாய்டு மூட்டுவாதத்தைப் போலவே இதுவும் எதிர்ப்புச் சக்தி சொந்த உடலையே தாக்கும் நோய்தான். ஆராய்ச்சிப் பணத்திலும் காப்பீட்டிலும் அதற்குரிய இடத்தை இதற்கும் தர வேண்டும்.