விளக்கு எரிந்தும் வேகம் வராத இணைப்பு

கணினிகளை இணைக்கும் நெட்வொர்க் ஸ்விட்ச்சின் விளக்கு எரிகிறது, பிங் (மறுமுனை பதில் தருகிறதா என்று பார்க்கும் சிறு சோதனை) செய்தால் தவறாமல் பதில் வருகிறது. ஆனால் பெரிய கோப்பு ஒன்றை நகலெடுக்கத் தொடங்கியதும் 100 மெகாபிட் இணைப்பு தவழத் தொடங்கிவிடுகிறது. பலரும் முதலில் கேபிளை மாற்றிப் பார்ப்பார்கள். பெரும்பாலும் கேபிள் நிரபராதி. அதன் இரு முனைகளிலும் உள்ள கருவிகள் வெவ்வேறு டூப்ளெக்ஸ் முறையில் (அனுப்புவதையும் பெறுவதையும் மாறிமாறிச் செய்வதா, ஒரே நேரத்தில் செய்வதா என்பது) இயங்குவதே கோளாறு.

1973-இல் உருவான ஈத்தர்நெட்டில் எல்லாக் கணினிகளும் ஒரே கேபிளைப் பகிர்ந்துகொண்டன. ஒன்று அனுப்பும்போது மற்றவை காத்திருக்க வேண்டும். இரண்டு ஒரே நேரத்தில் அனுப்பிவிட்டால் அது மோதல், உடனே நிறுத்திச் சற்றுப் பொறுத்து மீண்டும் முயல வேண்டும். இதுவே ஹாஃப் டூப்ளெக்ஸ். அனுப்பவும் பெறவும் தனித்தனிக் கம்பி ஜோடிகளும் ஸ்விட்ச்சும் வந்தபின், 1997-இல் ஃபுல் டூப்ளெக்ஸ் தரப்படுத்தப்பட்டது. அதில் மோதலே கிடையாது என்பதால், அனுப்புமுன் செவிமடுக்கும் வழக்கமும் இல்லை.

ஒரு முனை ஃபுல், மறுமுனை ஹாஃப் என்று அமைந்தால் என்ன ஆகும்? ஃபுல் முனை எதையும் கவனியாமல் அனுப்பும். அப்போது தானும் அனுப்பிக்கொண்டிருக்கும் ஹாஃப் முனை அதை மோதலாகக் கருதி, தான் அனுப்பும் தரவுக் கட்டான ஃபிரேமைப் பாதியில் வெட்டிவிடும். வெட்டுண்ட துண்டு ஃபுல் முனையில், தரவு சிதைந்ததைக் காட்டும் சிஆர்சி பிழையாகப் பதிவாகும். முதல் 64 பைட்டுகள் போனபின் மோதல் நேர்ந்தால் அது தாமத மோதல். அந்த ஃபிரேமை நெட்வொர்க் கார்டு பொதுவாக மீண்டும் அனுப்புவதில்லை. இழப்பை, தரவு முழுதாகச் சேர்வதைக் கவனிக்கும் டிசிபி நெறிமுறை கண்டுபிடித்து, வேகத்தைக் குறைத்து, மறுபடி அனுப்ப வேண்டியிருக்கிறது. பிங் இதில் சிக்காததற்குக் காரணம் எளிது: கேள்வி போய்ச் சேர்ந்த பிறகே பதில் புறப்படுகிறது. கோப்பு நகலிலோ தரவு ஒரு பக்கம் ஓட, அதற்கான ஒப்புகைகள் அதே நேரத்தில் எதிர்ப்பக்கம் ஓடுகின்றன.

இந்த முரண் பெரும்பாலும் நல்லெண்ணத்தில் பிறக்கிறது. ஒரு முனையை மட்டும் ‘100, ஃபுல்’ என்று கையால் நிர்ணயித்துவிட்டால், இரு முனைகளும் வேகத்தையும் டூப்ளெக்ஸையும் தாமே பேசி முடிவுசெய்யும் ‘ஆட்டோ’ பேச்சுவார்த்தையை அது நிறுத்திவிடும். ஆட்டோவில் உள்ள மறுமுனை, வரும் சிக்னலைக் கொண்டு வேகத்தை ஊகித்துவிடும். டூப்ளெக்ஸை ஊகிக்க வழியில்லாததால், விதிப்படி ஹாஃபுக்கு இறங்கும். ஆட்டோ முறையின் ஆரம்ப காலத்தில் கருவிகள் சரியாக ஒத்துப்போகாததால் இப்படிக் கையால் நிர்ணயிக்கும் பழக்கம் வந்தது. இன்றைக்கு அது தேவையற்ற முன்னெச்சரிக்கை. செம்புக் கேபிளில் ஓடும் ஜிகாபிட் ஈத்தர்நெட்டுக்கு ஆட்டோ கட்டாயமும்கூட.

ஆகவே இரு முனைகளையும் பார்க்க வேண்டும். லினக்ஸில் ஈத்டூல் கட்டளையும், விண்டோஸில் நெட்வொர்க் கார்டின் ‘ஸ்பீட் அண்ட் டூப்ளெக்ஸ்’ அமைப்பும், ஸ்விட்ச்சில் அந்தப் போர்ட்டின் நிலையும் உதவும். இரண்டையும் ஆட்டோவில் விடுங்கள்; ஒரு பழைய கருவிக்காகக் கையால் நிர்ணயித்தே ஆகவேண்டுமென்றால், இரண்டையும் ஒரே மதிப்பில் வையுங்கள். பிறகு பிழை எண்ணிகளைப் பூஜ்யமாக்கி, அதே கோப்பை மீண்டும் நகலெடுங்கள். இரு முனையும் ஃபுல்லில் இருந்தும் சிஆர்சி பிழைகள் ஏறிக்கொண்டே போனால், அப்போது கேபிளைச் சந்தேகிக்கலாம்.