பசுமைக்குடில் மானியம்: கையில் எவ்வளவு வரும்?

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தக்காளியும் கொத்தமல்லியும் வயலிலேயே அழுகி, சந்தையில் விலை எகிறி நிற்கும்போதுதான் பலருக்குப் பசுமைக்குடில், அதாவது பாலித்தீன் கூரை போட்ட குடில், ஞாபகம் வருகிறது. ஊட்டி, கொடைக்கானல் பக்கம் என்றால் மார்கழி உறைபனி விழுந்து இலையெல்லாம் கருகிய பிறகு. "அரசாங்கம் பாதிப் பணம் தருகிறதாமே" என்று அப்போது விசாரிப்பார்கள். தருகிறது, சரி. ஆனால் அது உங்கள் பில்லில் பாதி இல்லை.

ஒருங்கிணைந்த தோட்டக்கலை வளர்ச்சி இயக்கம் என்ற திட்டத்தில் 2014-15 முதல் இந்த மானியம் வருகிறது. மத்திய அரசு 60 பங்கு, மாநில அரசு 40 பங்கு போடுகின்றன. குடில் கட்ட ஒரு சதுர மீட்டருக்கு இவ்வளவு ஆகும் என்று அரசே ஒரு விலை வைத்திருக்கிறது, மானியம் அந்த விலையில் 50 சதவீதம். 2014 வழிகாட்டுதலில் 1000 சதுர மீட்டர் அளவுள்ள, இயற்கைக் காற்றோட்டம் கொண்ட இரும்புக்குழாய்க் குடிலுக்குச் சதுர மீட்டருக்கு 935 ரூபாய் என்று வைத்தார்கள். மொத்தம் 9.35 லட்சம், மானியம் 4,67,500. கட்டிக்கொடுக்கிற நிறுவனம் 1,200 ரூபாய் வீதம் 12 லட்சம் கேட்டாலும் மானியம் அதே 4,67,500தான், மீதி 7,32,500 உங்கள் பையிலிருந்துதான் போகும். இதைச் சொல்லாமல் "பாதி சப்சிடி சார்" என்று ஆர்டர் பிடிக்கிற ஏஜெண்டுகள் உண்டு, கொட்டேஷனை வாங்கி நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். 2025-ல் வழிகாட்டுதலைத் திருத்தி விலைகளை ஏற்றினார்கள், கூடவே ஒருவருக்கான உச்ச அளவை 4000 சதுர மீட்டரிலிருந்து 2500 ஆகக் குறைத்துவிட்டார்கள். ஆகவே மேலே உள்ள 935-ஐ உதாரணமாக மட்டும் எடுத்துக்கொண்டு, இந்த வருட விலையை வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். மலைப்பகுதிக்கு 15 சதவீதம் கூடுதல் என்று பழைய வழிகாட்டுதலில் இருந்தது, மலையில் இருப்பவர்கள் அதையும் சேர்த்துக் கேளுங்கள்.

அப்புறம், பணம் முன்னால் வராது. விண்ணப்பம், நிலத்தைப் பார்வையிடுதல், கட்டத் தொடங்கலாம் என்று துறை தரும் பணி ஆணை, அதன் பிறகு கட்டுமானம், கட்டி முடித்ததும் மறு ஆய்வு, எல்லாம் முடிந்துதான் வங்கிக் கணக்கில் மானியம். பணி ஆணை கைக்கு வருவதற்கு முன் ஒரு குழி கூடத் தோண்டாதீர்கள். அதுவரை முழுச் செலவையும் நீங்கள்தான் தாங்க வேண்டும், கடன் வாங்குவதானால் வட்டியையும் சேர்த்து.

குளிர்கால, மழைக்கால காய்கறிக்காக என்றால் எந்தக் குடில் என்பதில் கவனம் வேண்டும். நிழல்வலைக்குடிலுக்கும் மானியம் உண்டு, விலையும் குறைவு, ஆனால் வலை மழையைத் தடுக்காது, வெயிலைத்தான் குறைக்கும். மழையிலிருந்தும் பனியிலிருந்தும் காப்பது பாலித்தீன் கூரை போட்ட பசுமைக்குடில்தான். அதே கூரை சமவெளியில் சித்திரை வெயிலில் உள்ளே அனலாகக் கொதிக்கும், அதனால்தான் ஓசூர், கோத்தகிரி மாதிரி குளிர்ந்த இடங்களில் இது எடுபடுகிறது. நான்கு அடி கூட உயரமில்லாமல் பாத்தியின் மேல் வளைவுக் கம்பி நட்டுப் போடும் தாழ்வான குடிலுக்கும் இதே திட்டத்தில் மானியம் இருக்கிறது. 2014 விலையில் சதுர மீட்டருக்கு 60 ரூபாய், அதில் பாதி, 1000 சதுர மீட்டர் வரை. சிறு விவசாயி முதலில் இதில் கைவைப்பதே புத்திசாலித்தனம் என்பேன்.

உள்ளே எதைப் போடுவது? குடைமிளகாய், தக்காளி, மகரந்தச் சேர்க்கை இல்லாமலே காய்க்கும் வெள்ளரி ரகம், கீரை, கொத்தமல்லி. பாகலும் பீர்க்கும் ஆண் பூ, பெண் பூ தனித்தனியாகப் பூப்பவை. சுற்றிலும் பூச்சிவலை கட்டிய குடிலுக்குள் தேனீ வராது, கொடி தளதளவென்று இருக்கும், பிஞ்சு மட்டும் மஞ்சளாகி உதிரும். ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் கையால் தொட்டுவிடப் பொறுமை இருந்தால் போடுங்கள். திண்டுக்கல் ரெட்டியார்சத்திரத்தில் இந்திய-இஸ்ரேல் ஒத்துழைப்பில் அமைந்த காய்கறி மகத்துவ மையம் இருக்கிறது, கட்டுவதற்கு முன் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

சொட்டுநீர்ப் பாசனத்துக்குத் தனித் திட்டம், தனி விண்ணப்பம். அதில் சிறு, குறு விவசாயிக்கு 100 சதவீதமும் மற்றவர்களுக்கு 75 சதவீதமும் மானியம். இரண்டையும் ஒன்றாகவே கேட்டுவிடுங்கள்.

விண்ணப்பத்துக்குச் சிட்டா, அடங்கல், நில வரைபடம், ஆதார், வங்கிப் பாஸ்புக், புகைப்படம், சிறு, குறு விவசாயியாக இருந்தால் அதற்கான சான்று. மண், நீர் பரிசோதனை அறிக்கையும் கேட்பார்கள். பட்டா கூட்டாக இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள், பல விண்ணப்பங்கள் நிற்கிற இடம் அதுதான். தோட்டக்கலைத் துறையின் டிஎன்ஹார்ட்நெட் தளத்தில் பதியலாம், உழவன் செயலியிலும் பதியலாம். மாவட்டத்துக்கு இவ்வளவு பரப்பு என்றுதான் ஒவ்வொரு நிதியாண்டும் ஒதுக்குகிறார்கள். மழையைப் பார்த்துவிட்டு ஐப்பசியில் போனால் ஒதுக்கீடு தீர்ந்திருக்கலாம், தீராவிட்டாலும் இந்தப் பருவத்துக்குள் குடில் எழும்பாது. ஏப்ரல், மே மாதத்திலேயே பதிந்துவிடுங்கள்.